துவர்ப்பும் ஞாபகமும்

வைகாசியில் புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வந்த வழக்கம், இன்றும் நிற்கவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு தெருவில் வண்டியை விட்டுவிட்டு மாடவீதிக்கு நடப்பார்கள். தேர் நிலைக்கு வந்ததும் அத்தனை பேரும் வண்டியைத் தேடிப் போக வேண்டும். போன வருஷமும் இதே ஊர், இதே கூட்டம், இதே மாதிரி ஒரு சந்து. இருபது வயதுப் பிள்ளை யோசிக்காமல் இந்த வருஷத்துச் சந்துக்குப் போய் நிற்கிறான். அறுபதைத் தாண்டிய அவன் பெரியப்பா போன வருஷத்துச் சந்தில் நின்று தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நினைவுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வேலை அவர் மூளையில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலைக்கென்று மூளையில் தனி இடம் உண்டு. காதுகளுக்கு நேர் உள்ளே, ஆழத்தில், ஹிப்போகேம்பஸ் என்ற வளைந்த பகுதி இருக்கிறது. இன்று நடந்தது நாளை ஞாபகத்தில் நிற்பது இதன் தயவில்தான். அதற்குள் டென்டேட் கைரஸ் என்றொரு மெல்லிய மடிப்பு. புதிதாக வந்த அனுபவம் பழையதோடு கலந்துவிடாமல் பிரித்துப் பதிய வைப்பது இந்த மடிப்பு. வயதாகும்போது இயல்பாக வரும் மறதி பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புகிறது என்கிறார் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் ஸ்காட் ஸ்மால். அல்சைமர் நோய் தொடங்குவது பக்கத்திலேயே உள்ள வேறொரு பகுதியில். வீட்டில் ஒரு பெரியவர் சாவியை மறந்து வைத்தவுடனே பயந்துபோகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

2014-இல் ஸ்மாலும் அவருடைய சகா ஆடம் பிரிக்மனும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 50 முதல் 69 வயது வரையுள்ள, ஆரோக்கியமான 37 பேர். ஒரு பிரிவினருக்குத் தினமும் 900 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய கோகோ பானம். மற்றவர்களுக்கு அதே மாதிரி இருக்கும், 10 மில்லிகிராம் மட்டுமே அடங்கிய பானம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஃபிளவனால் நிறைந்த பானம் குடித்தவர்களின் டென்டேட் கைரஸில் ரத்தத்தின் அளவு கூடியிருந்தது. விசித்திர வடிவங்களைக் காட்டி, இதை முன்பு பார்த்தீர்களா என்று கேட்ட சோதனையில் அவர்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள். அறுபது வயதுக்காரரின் ஞாபகத்தோடு சோதனைக்கு வந்தவர், மூன்று மாதத்தில் முப்பது, நாற்பது வயதுக்காரரின் ஞாபகத்தை எட்டியிருந்தார் என்று ஸ்மால் விளக்கினார். சாக்லேட் தின்றால் ஞாபகம் வளரும் என்று அது செய்தியானது. சோதனையில் யாரும் சாக்லேட் தின்னவில்லை. அந்த அளவு ஃபிளவனாலைச் சாதாரணச் சாக்லேட்டிலிருந்து பெறவும் முடியாது.

அப்படியானால் அந்தக் கோகோவுக்குள் இருந்தது என்ன? நாக்கு அதை ஏற்கெனவே அறியும். அறுசுவையில் நாம் அதிகம் கொண்டாடாத சுவை துவர்ப்பு. வாழைப்பூ, பாக்கு, நாவற்பழம், கடுந்தேநீர் எல்லாவற்றிலும் வாயை இழுத்துப் பிடிக்கிறதே, அது. சில தாவரப் பொருள்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரிந்துவிடச் செய்கின்றன. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுகிறது. நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. கோகோ விதையில் இந்த வேலையைச் செய்வது ஃபிளவனால் குடும்பம். அதில் சிறிய உறுப்பினர் எபிகாட்டிசின். எபிகாட்டிசின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் புரோசயனிடின். கோவை நீள நீளத் துவர்ப்பும் ஏறும். துவர்க்கிறதெல்லாம் ஃபிளவனால் என்று எண்ணிவிட வேண்டாம், கடுக்காயின் துவர்ப்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. செடி இவற்றைச் செய்துகொள்வது பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள. நம் ஞாபகத்தைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை. ஆனாலும் அந்தப் பொருள் நம் ரத்தக்குழாய்க்குள் போனதும் ஒரு வேலை செய்கிறது, அதுதான் வியப்பு.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. ரத்தம் அதிகம் தேவைப்படும்போது இந்தப் படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளிவிடும். குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரியும். இந்த வாயு உடம்புக்குள் சமிக்ஞையாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோகோ ஃபிளவனால் இந்த வாயு கிடைப்பதைக் கூட்டுகிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பர்க் குழு 2003-இல் காட்டியது. மூளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. உடல் எடையில் மூளை 2 விழுக்காடுதான். உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. மூளையின் எந்த மூலை யோசிக்கிறதோ அந்த மூலைக்கு அடுத்த சில விநாடிகளில் ரத்தம் பாய வேண்டும்.

ஹாலன்பர்க் இந்தப் பாதைக்கு வந்தது பனாமா நாட்டின் கடலோரத் தீவுகளில் வாழும் குனா மக்களைப் பார்த்து. அவர்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் அல்லர். இருந்தும் வயதானவர்களுக்குக்கூட ரத்த அழுத்தம் ஏறவில்லை. பரம்பரை வாகு என்று விட்டுவிடலாம் என்றால், அதே மக்கள் பனாமா நகரத்துக்குக் குடிபோனதும் அழுத்தம் ஏறியது. தீவில் அவர்கள் நாள்தோறும் பல குவளை கோகோ பானம் குடித்தார்கள். நகரத்தில் அது மிகவும் குறைந்துபோனது. தீவை விட்டு வந்தபோது மாறியது கோகோ ஒன்று மட்டும் அல்ல என்பதால் இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வகத்துக்குப் போய்ச் சோதிக்க வேண்டிய கேள்வியை அந்தத் தீவுதான் கொடுத்தது.

2007-இல் எலிகளுக்கு எபிகாட்டிசின் கொடுத்துப் பார்த்தபோது, இடத்தை நினைவில் வைக்கும் திறன் கூடியது. அவை ஓடவும் செய்தால் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டென்டேட் கைரஸில் புதிய நுண்குழாய்கள் கிளைத்திருந்தன. 2020-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 18 இளைஞர்களைச் சோதித்தார்கள். கரியமில வாயு கூடுதலான காற்றைச் சுவாசிக்க விட்டு, மூளை எவ்வளவு வேகமாக ஆக்ஸிஜனை வரவழைத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். ஃபிளவனால் நிறைந்த கோகோ குடித்த நாளில் மூளை வேகமாகவும் வலுவாகவும் பதில் கொடுத்தது. கடினமான புதிர்களை 11 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். எளிய புதிர்களில் வித்தியாசம் இல்லை. நான்கு பேருக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. அவர்களுடைய மூளை ஏற்கெனவே நன்றாக ஆக்ஸிஜன் பெற்றுக்கொண்டிருந்தது. இந்த நான்கு பேரைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கதையின் திறவுகோல் அவர்களிடம் இருக்கிறது.

கோகோ நம்மூருக்கு அந்நியம் என்று நினைப்போம். இந்தியாவில் அது முதலில் கால் ஊன்றியது தமிழ் மண்ணில்தான். 1798-இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டார்கள். தோட்டப் பயிராகப் பரவுவதற்கு அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1960-களில் கேரளத்தின் வயநாட்டில் கேட்பரி நிறுவனம் முயன்று தொடங்கியது. இன்று ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு நான்கிலும் விளைகிறது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். தென்னை நிழல் அதற்குப் பிடிக்கும். புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிப் பாசனத்திலும் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. ஆனால் பெருமழையை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுச் சித்திரையில் காயும் நம் கடலோரம், வருஷம் முழுக்க ஈரம் கேட்கும் மரத்துக்கு இயல்பான வீடல்ல. புதுச்சேரிக்குச் சாக்லேட் உறவு வேறு வழியில் வந்தது: ஆரோவில் பக்கத்தில் 2014 முதல் மேசன் அண்ட் கோ என்ற சிறு நிறுவனம், தென்னிந்தியத் தோட்டங்களின் விதையை வாங்கி வறுத்து அரைத்துக் கருப்புச் சாக்லேட் செய்கிறது.

மரத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பூக்கள் கிளை நுனியில் பூக்காமல், தண்டிலிருந்தே நேராகப் பூக்கின்றன. மகரந்தம் சுமப்பது கொசுவைவிடச் சிறிய ஈக்கள். ஆயிரக்கணக்கான பூக்களில் ஒரு சிலதான் காயாகும். காயை உடைத்தால் முப்பது நாற்பது விதைகள், சீதாப்பழச் சுளை மாதிரி வெள்ளைச் சதை போர்த்தியபடி. சதை இனிக்கும். விதையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும் வாயைக் கட்டிப்போடும். நறுக்கிப் பார்த்தால் உள்ளே கருநாவல் நிறம். இந்த விதையில் சாக்லேட் மணம் துளியும் கிடையாது.

மணம் பிறக்க வேண்டுமானால் விதையைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து, இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விட வேண்டும். பிறகு வெயிலில் காய வைத்து வறுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மணம் ஏறுகிறது, ஃபிளவனால் இறங்குகிறது. கோகோத் தூளாக்கும் கடைசிப் படியில்தான் பேரிழப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் கோகோத் தூளைக் காரம் (அல்கலி) சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதனால் தூள் கருக்கிறது, புளிப்பும் துவர்ப்பும் போகின்றன, பாலில் நன்றாகக் கலக்கிறது. காரம் சேர்க்காத தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது, கடுமையாகக் காரம் சேர்த்ததில் 3.9 மில்லிகிராம்தான் எஞ்சியது என்று 2008-இல் அளந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மில்லிகிராம் வேண்டுமென்றால் முதல் வகையில் ஏறக்குறைய 15 கிராம் போதும், இரண்டாவதில் 128 கிராம் தின்ன வேண்டும். கடையில் கோகோத் தூள் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். அமிலக் கட்டுப்பாட்டுப் பொருள் 501 என்று போட்டிருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட். தூள் காரம் சேர்த்தது. ஞாபகசக்தி என்று டப்பாவில் எழுதிப் பிள்ளைகளுக்கு விற்கும் மால்ட் பானங்களில் கோகோ கொஞ்சம், சர்க்கரை தாராளம். அதைக் கோகோவின் கணக்கில் வைக்கவே கூடாது.

37 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பெரிய சோதனை வேண்டும் என்று பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனை ஆய்வாளர்கள் காஸ்மாஸ் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். 60 வயதைக் கடந்த ஆண்கள், 65-ஐக் கடந்த பெண்கள், மொத்தம் 21,442 அமெரிக்கர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது ஆய்வாளர்களுக்கும் தெரியாது. பெரும் பண உதவி மார்ஸ் சாக்லேட் குழுமத்திலிருந்து. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014 சோதனைக்கும் அவர்கள் பணம் போயிருக்கிறது. விற்கிறவன் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் வந்த முடிவைப் பார்த்தபின் எனக்கு அந்த ஆய்வாளர்கள் மீது மதிப்பு கூடியது, ஏனென்றால் முடிவு நிறுவனம் விரும்பியிருக்கக்கூடியதாக இல்லை.

2,262 பேரை ஆண்டுதோறும் தொலைபேசியில் சோதித்த ஒரு பிரிவு 2022-இல் அறிவித்தது: கோகோ மாத்திரையால் அறிவுத்திறனில் பலன் இல்லை. கூடவே சோதித்த சாதாரண பலவைட்டமின் மாத்திரைதான் பலன் காட்டியது. 3,562 பேரை இணையம் வழியாகச் சோதித்த இன்னொரு பிரிவின் முடிவு 2023-இல் வந்தது. அங்கும் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆனால் பிரிக்மன் குழு இன்னொன்றையும் பார்த்தது. சோதனை தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் உணவுப் பழக்கத்தையும் கேட்டிருந்தார்கள். பலரிடம் சிறுநீரும் வாங்கி, குடல் பாக்டீரியாக்கள் ஃபிளவனாலை உடைத்து உண்டாக்கும் எச்சப்பொருளை அளந்திருந்தார்கள். உணவில் ஃபிளவனால் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும், ஹிப்போகேம்பஸைச் சார்ந்த ஞாபகம் ஓராண்டில் உயர்ந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாக 10.5 விழுக்காடு கூடுதல். ஏற்கெனவே பழமும் காயும் தேநீருமாக நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரை எதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

பர்மிங்காமின் நான்கு இளைஞர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்களா? அங்கும் இங்கும் ஒரே சேதி. ஃபிளவனால் ஞாபகத்தைக் கூர்தீட்டும் மருந்து இல்லை. குறைந்துபோனதை ஈடுகட்டுகிறது, குறை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. இந்தச் சோதனை அமெரிக்கர்களிடம் நடந்தது, நம் ஊர்த் தட்டோடு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, கொஞ்சம் குழம்பு என்று தட்டை முடித்துக்கொள்ளும் நம் வீட்டு முதியவர்களை நினைத்தால், கேள்வி நம்முடையதும்தான்.

இங்கே ஒன்று என்னை வருத்துகிறது. நம் வயலில் விளைந்த துவர்ப்பை நாமே உரித்துக் கொட்டிவிட்டோம். பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதன் செந்நிற மெல்லிய தோலில் காட்டிசினும் புரோசயனிடினும் இருக்கின்றன. வறுத்த மல்லாட்டையைக் கையில் தேய்த்து ஊதிவிட்டுத்தான் பலர் வாயில் போடுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளின் தவிட்டுக்குச் சிவப்புத் தருவதும் இதே புரோசயனிடின் இனம்; பட்டை தீட்டினால் தவிட்டோடு போய்விடும். முந்திரிப் பருப்பின் செந்தோலிலும் காட்டிசினும் எபிகாட்டிசினும் மிகுதி. பண்ருட்டி முந்திரி ஆலைகளில் அந்தத் தோல் கழிவாகத்தான் குவிகிறது. இவற்றைத் தின்றால் ஞாபகம் கூடும் என்று யாரும் சோதித்து நிறுவவில்லை, நானும் சொல்லவில்லை. நீண்ட கோவைகளைக் குடல் எளிதில் உறிஞ்சுவதும் இல்லை. பாக்கிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது என்று யாராவது வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால், பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இதெல்லாம் தெரிந்தும், தோலோடு ஒரு பிடி மல்லாட்டையும் வாரத்தில் சில நாள் சிவப்பரிசிக் கஞ்சியும் நல்ல உணவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தேநீர் குடிப்பவர்கள் சர்க்கரையைக் குறைத்தால் போதும்; தேயிலையில் ஃபிளவனால் ஏராளம்.

வாழை விளையும் ஊர் என்பதால் ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நறுக்கிய வாழைப்பழம் கறுக்கிறதே, அதற்குக் காரணமான நொதி ஃபிளவனாலையும் சிதைக்கிறது. 2023-இல் வெளிவந்த சிறு ஆய்வொன்றில், ஃபிளவனாலை வாழைப்பழம் அடித்த பானத்தோடு குடித்தவர்களின் ரத்தத்தில் அது 84 விழுக்காடு குறைவாகவே சேர்ந்தது. வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடுங்கள். அது ஃபிளவனாலோடு சேர்ந்தால்தான் சிக்கல்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். படிப்பு மறுக்கப்பட்ட தலைமுறையின் கணக்கும் இதில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், பாகூர் வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்காக மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் இன்றைய பாட்டிகளில் பலருக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. இளமையில் கல்விக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, மிகுந்த குடி, கேட்காத காது, தெரியாத கண், தனிமை என்று 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் குழு சொன்னது. அந்தப் பட்டியலில் கோகோ இல்லை.

கோகோ காட்டிய பாதை என்னவோ இந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறது: மூளையின் நுண்குழாய்கள் நலமாக இருந்தால் ஞாபகம் நீடிக்கும். அந்தக் குழாய்களை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுப்பது ரத்த அழுத்தமும் சர்க்கரையும். வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டையும் காசில்லாமல் பார்ப்பார்கள். கண்ணில் புரை விழுந்திருந்தால் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வாசகர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பெரியவர்களுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுப்பது உங்கள் பிரியம். அதைத் தடுக்க நான் யார்? ஆனால் இந்த வாரமே அவர்களை அழைத்துப்போய் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல் சாப்பிடுகிறார்களா என்று தினமும் கேளுங்கள்.